கைய குறை சொல்லாதீங்க: தையல் அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப்ல வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணா வச்சு பார்த்தா பாதிப்பேர் ஒரே வரியத்தான் சொல்லியிருக்காங்க, "எனக்கு கை வரல அக்கா"ன்னு. ஊசி மழுங்கி போயிருக்கும், நூலு மட்டமா இருக்கும், டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உக்காந்திருப்பாங்க, பழி மட்டும் கை மேல. அதனால பதில் எல்லாம் கொஞ்சம் கறாராத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க மாமியார் கல்யாணத்துக்கு சீரா கொண்டுவந்த கறுப்பு கால் மிஷின். தலைய கழட்டி பரண்ல வச்சிருந்தாங்க, ஸ்டாண்டு கொல்லைல கிடந்துச்சு. இப்ப இறக்கி துடைச்சு தேங்காண்ண விட்டு ஓட்டி பார்த்தேன். மேல தையல் ஒழுங்கா தெரியுது, திருப்பி பார்த்தா கீழ நூலு கொத்து கொத்தா கட்டிக்கிட்டு நிக்குது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு எடைக்கு போட்டுட்டு மோட்டார் மிஷின் வாங்கிடுங்கன்னு சொல்றார், எனக்கு மனசு வரல. நான் மிதிக்கிறதுதான் சரியில்லையோ?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: எடைக்கு போட்டுடாதீங்க, முதல்ல அத சொல்லிடறேன். அந்த கறுப்பு மிஷின்ல இருக்கறது பூரா இரும்பு, உடையறதுக்கு பிளாஸ்டிக் பல் சக்கரம் எதுவும் கிடையாது, துரு ஏறி இறுகியிருக்குமே தவிர உயிர் போயிருக்காது.

தேங்காண்ண விட்டதுதான் ஆகாது. அது நாளாக நாளாக பிசின் மாதிரி ஆயிடும், மார்கழி பனிக்கு உள்ளயே உறைஞ்சும் போகும், அப்பறம் மிதிக்க மிதிக்க காலு வலிக்கும், நீங்க நமக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சுப்பீங்க. கொஞ்சம் மண்ணெண்ணெய் கிடைச்சா ஒவ்வொரு எண்ண ஓட்டைலயும் ரெண்டு சொட்டு விட்டு ஊசில நூல் இல்லாம சும்மா ஓட்டுங்க, கறுப்பு கறுப்பா அழுக்கு வெளில வரும், பழைய வேட்டி துணில துடைச்சிட்டு மறுபடி விடுங்க. அழுக்கு வர்றது நின்னதும் மிஷின் ஆயிலுன்னே கடைல விக்கிற தண்ணி மாதிரி இருக்கற எண்ணெய விட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. மண்ணெண்ணெய் வேலை பண்றப்ப அடுப்பு, குத்துவிளக்கு பக்கத்துல வேண்டாம்.

இப்ப கீழ கட்டுற நூலுக்கு வருவோம். கீழ கட்டுதுன்னதும் எல்லாரும் பாபின் கேஸ, அதான் கீழ் நூல் உருளை இருக்கற டப்பாவத்தான் கழட்டி நோண்டுவாங்க. கீழ கொத்து கட்டுனா அனேகமா தப்பு மேல் நூல்லதான் இருக்கும், அது நூல இறுக்கி பிடிக்கற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல உக்காராம வெளியவே ஓடுது, பிடிமானம் இல்லாததால கீழ போயி வேணும்ங்கற அளவு சுருண்டுக்குது. பாதத்த, அதான் துணிய அமுக்குற கால, மேல தூக்கிட்டு நூல் கோர்க்கணும், அப்பதான் தட்டு திறந்து நூலு உள்ள போகும். பாதம் கீழ இருக்கறப்ப கோர்த்தா நீங்க எத்தன தடவ கோர்த்தாலும் அதே கதைதான்.

அப்பறம் ஊசி. பரண்ல கிடந்த மிஷின்ல இருந்த அதே ஊசில தைச்சிருப்பீங்கன்னு எனக்கு தெரியும், அத தூக்கி போடுங்க. புது ஊசிய கைல எடுத்து நல்லா பாருங்க, தலைல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அதுக்கு எதிர்ப்பக்கம் மேலேந்து காது வரைக்கும் நீளமா ஒரு பள்ளம் ஓடும். நூலு அந்த பள்ளத்து பக்கத்துலேந்துதான் காதுக்குள்ள நுழையணும். இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா எந்த கம்பெனி மிஷினா இருந்தாலும் ஊசிய எப்படி மாட்டறதுன்னு யாரையும் கேக்க வேண்டாம். மாட்டறப்ப முட்டுற வரைக்கும் மேல தள்ளிட்டு திருகுங்க. சாதா காட்டனுக்கு 14, ஜீன்ஸ், திரைத்துணி மாதிரி கனமானதுக்கு 16, மெல்லிசு பட்டு, ஷிபானுக்கு 11.

இவ்வளவும் பண்ணியும் சரியா வரலேன்னா மட்டும் பாபின் கேஸ தொடுங்க. நூல் நுனிய பிடிச்சு கேஸ தொங்க விட்டு லேசா ஒரு உலுக்கு உலுக்குங்க, கொஞ்சம் இறங்கி நிக்கணும். சரசரன்னு தரைக்கு போனா லூசு, அசையவே இல்லேன்னா டைட்டு, பக்கத்துல இருக்கற குட்டி ஸ்க்ருவ கால் சுத்து மட்டும் திருப்பி பாருங்க. மிதிக்கறதுல ஒரே ஒரு விஷயம்தான், ஆரம்பிக்கறப்ப கைச்சக்கரத்த உங்க பக்கமா சுத்தி விட்டுட்டு மிதிங்க, எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா நூலு அறும். தோல் பெல்ட்டு தொய்ஞ்சிருந்தா ஓரத்துல துளி வெட்டி மறுபடி கம்பி போட்டுக்கலாம். மாமியார் இருக்காங்கன்னா அவங்களையே பக்கத்துல உக்கார வச்சு ஓட்டுங்க, அந்த மிஷின் எங்க முனகும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: பின்னல் ஊசி 10ம் நம்பர் வாங்கினேன், வீடியோல 4 எம்எம் ஊசின்னு சொல்றாங்க. 10 பெருசுதானே, ஏன் என் பின்னல் இறுக்கமா வருது?
(காலேஜ் மாணவி, மயிலாடுதுறை)

பதில்: பின்னல் ஊசிக்கு நம்ம கடைல இன்னமும் பழைய இங்கிலாந்து நம்பர்தான் பாப்பா, அதுல நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ம் நம்பர்தான் 4 எம்எம், உங்ககிட்ட இருக்கற 10 வெறும் 3.25. மிஷின் ஊசில நேர் எதிர், நம்பர் ஏறுனா தடிக்கும். கைத்தையல் ஊசி மறுபடி பின்னல் கட்சி. யாரு இப்படி வச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 71 வயசு. பாவாடை தாவணி காலத்துலேந்து பின்னுறேன், எம்பிராய்டரி பண்றேன், குரோஷா போடறேன், என் பசங்க மூணு பேருக்கும் ஸ்வெட்டர் என் கையாலதான். இப்ப காலைல எந்திரிச்சா விரல் மடக்க வரல, கண்புரை ஆபரேஷன் பண்ணியும் கறுப்பு துணில தையல் தெரியல. டிரங்க் பொட்டி நிறைய உல்லன் நூல் இருக்கு. "இந்த வெயில்ல யாரும்மா ஸ்வெட்டர் போடுவா"ன்னு மருமக கேக்கறா. நியாயம்தான். விட்டுடலாமா?
(வாசகி, திருவாரூர்)

பதில்: விட சொல்லி நான் எழுதுவேன்னு நினைச்சா கேட்டிருப்பீங்க? மருமக கேட்டது நியாயமான கேள்விதான், சித்திரைல திருவாரூர்ல ஸ்வெட்டர் போட்டா ஆளு அவிஞ்சிடும். ஆனா அதுக்கு பதில் பின்னறத நிறுத்தறது இல்ல, நூல மாத்தறது. காட்டன் நூல்ல பின்னுங்க. விளக்கு மணைக்கு விரிப்பு, டிவி மேல போடற துணின்னு கேலி பேசுவாங்களே அத, கொலு படிக்கு ஓரத்துல தொங்கற லேஸு, பேத்திக்கு தோள்ல மாட்டற பை. உல்லன் இருக்கறத மங்கி கேப்பும் மப்ளருமா பின்னி வைங்க, மார்கழில விடியக்காலம் பஜனைக்கு போற பெரியவங்க, பால்காரர், பேப்பர் போடற தம்பிங்க, ராத்திரி வயலுக்கு தண்ணி பாய்ச்ச போறவங்க, இவங்களுக்கெல்லாம் நம்ம ஊர்லயும் குளுரத்தான் செய்யுது. பொறந்த குழந்தைக்கு தலை வழியாத்தான் சூடு நிறைய போகும், காட்டன் நூல்ல சின்ன தொப்பி பின்னி பக்கத்து ஆஸ்பத்திரில கொடுக்கலாம், ஆனா மெனக்கெட்டு பின்னறதுக்கு முன்னாடி அந்த வார்டு நர்ஸ்கிட்ட வாங்குவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

விரலுக்கு: அந்த நீள அலுமினிய ஊசிய மூட்டை கட்டுங்க. ரெண்டு சின்ன ஊசிய நடுவுல ஒரு வயரால சேர்த்திருக்கும் பாருங்க, சர்குலர் ஊசின்னு கேட்டா கொடுப்பாங்க. வட்டமா பின்னத்தான் அதுன்னு நினைக்க வேண்டாம், நேராவும் போயி திரும்பி வரலாம். பின்னுன துணியோட கனம் பூரா வயர்ல இறங்கி மடில உக்காந்துக்கும், மணிக்கட்டு தூக்க வேண்டாம். நீள ஊசில ஸ்வெட்டர் முதுகு பக்கம் பின்னறப்ப அந்த கனத்த முழுக்க மணிக்கட்டுதான் தாங்கிட்டு இருந்துச்சு. மூங்கில் ஊசியா கிடைச்சா இன்னும் நல்லது, இரும்பு மாதிரி வழுக்காது, இறுக்கி பிடிக்க தேவையில்ல. கொஞ்சம் தடி நூலு, கொஞ்சம் தடி ஊசி. காலைல விரல் விறைப்பா இருக்கறப்ப தொடாதீங்க, வெதுவெதுன்னு தண்ணில கைய வச்சுட்டு, பத்து மணிக்கு மேல உக்காருங்க, வலிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிங்க. வீக்கம் இருந்துச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

கண்ணுக்கு: கறுப்பு, நேவி ப்ளூ ரெண்டையும் யாருக்காவது கொடுத்துடுங்க. வெளிர் நூல் பின்னுறப்ப மடில அடர் கலர் துண்டு விரிச்சுக்குங்க, கண்ணி எடுப்பா தெரியும். வெளிச்சம் இடது தோள் மேலேந்து விழணும், இடது கை பழக்கம்னா வலது தோள். கைத்தையலுக்கு ஊசி கோர்க்கறது கஷ்டமா இருந்தா பேரப்பிள்ளய விட்டு பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்னாடி ஏழெட்டு ஊசில நூல் கோர்த்து பஞ்சு மூட்டைல குத்தி வைக்க சொல்லுங்க, அன்னைக்கு முழுக்க ஓடும்.

அந்த டிரங்க் பொட்டிய ஐப்பசி மழைக்கு முன்னாடி திறந்து நூலெல்லாம் ஒரு வெயில் காட்டுங்க, நம்ம பக்கம் கார்த்திகை வரைக்கும் சுவரே ஈரமாத்தான் இருக்கும், பூஞ்சணம் பிடிச்சா நாத்தம் போகாது. அந்துருண்டை வேண்டாம்னே சொல்வேன், குழந்தைக்குன்னு பின்னுறதுல அது கிட்டயே வரக்கூடாது, காஞ்ச வேப்பிலையும் வசம்பும் துணில முடிஞ்சு போட்டா போதும்.

கேள்வி: தீபாவளி வந்தா போதும், சித்தி பெரியம்மா நாத்தனார்னு ஆளாளுக்கு நாலு புடவைய தூக்கிட்டு வந்துடறாங்க, ஃபால்ஸ் தைச்சு கொடு, முந்தானைல குச்சு கட்டி கொடுன்னு. "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே"ன்னு ஒரு வார்த்தை வேற. காசு கேட்டா மூஞ்சி போயிடுது. நான் என்ன பண்றது?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: பிடிக்கறதுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்? சமையல்காரருக்கு சமைக்க பிடிக்கும்தான், அதுக்காக கல்யாண வீட்ல சும்மா அனுப்பிடறோமா? ஒரு ஃபால்ஸ ஓரம் மடிச்சு, புடவையோட வெளிப்பக்கம் ஊசிப்புள்ளி தெரியாம கையால ஹெம்மிங் பண்ண ஒரு மத்தியானம் போயிடும், குச்சு கட்ட உக்காந்தா கழுத்து பிடிச்சுக்கும். மூஞ்சிக்கு நேரா சொல்ல கூச்சமா இருந்தா ஒரு அட்டைல ஃபால்ஸ் இவ்வளவு, சாதா குச்சு இவ்வளவு, மணி வச்ச குச்சு இவ்வளவுன்னு எழுதி மிஷினுக்கு மேல சுவத்துல ஒட்டிடுங்க, வாயால நீங்க கேக்க வேண்டாம், சுவரு கேக்கும். அம்மா, மாமியார், கூடப்பொறந்தவ, இவங்களுக்கு மட்டும் சும்மான்னு நீங்களே ஒரு கோடு போட்டுக்குங்க. ஐப்பசி பொறந்த பிறகு கொண்டுவர்றது தீபாவளிக்கு கிடைக்காதுன்னும் அதே அட்டைல எழுதிடுங்க. நாத்தனார் மூஞ்சி ரெண்டு நாள் போகும், பொங்கலுக்கு திரும்பி வரும்.

கேள்வி: பட்டுப்புடவை ப்ளவுஸ், உள்ள காட்டன் லைனிங் கொடுத்து நானே தைச்சேன், அளவு கச்சிதமா இருந்துச்சு. ஒரு தடவ அலசுனதும் உள்ள இழுத்துக்கிட்டு மேல சுருக்கம் சுருக்கமா நிக்குது. கை வரலேன்னு விட்டுட்டேன்.
(வாசகி, பாபநாசம்)

பதில்: லைனிங்க நனைக்காம தைச்சிருக்கீங்க, அவ்வளவுதான். காட்டன் முதல் தண்ணில சுருங்கும், பட்டு அந்த அளவுக்கு சுருங்காது, ரெண்டையும் சேர்த்து தைச்சா ஒண்ண ஒண்ணு இழுக்காம என்ன செய்யும்? லைனிங், ஃபால்ஸ் ரெண்டையும் ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, பிழியாம நிழல்ல உலர்த்தி, லேசா ஈரம் இருக்கறப்பவே அயர்ன் பண்ணிட்டு அப்பறம் வெட்டுங்க. இப்ப இருக்கற ப்ளவுஸ்ல லைனிங்க மட்டும் பிரிச்சு புதுசு வச்சுக்கலாம், பட்டு வீணாகல.

கேள்வி: ரிட்டயர் ஆயி வீட்ல இருக்கேன். சின்ன வயசுலேந்தே அக்கா எம்பிராய்டரி பண்றத பார்த்து ஆசை, ஆம்பளப்புள்ள ஊசி எடுக்கக்கூடாதுன்னு அப்பா வச்சு வெளுத்துட்டார். இப்ப கத்துக்கலாம்னா வீட்ல சிரிக்கறாங்க. எங்க ஆரம்பிக்கறது?
(வாசகர், சீர்காழி)

பதில்: ஐயா, சீர்காழில உக்காந்துகிட்டு இந்த கேள்விய கேக்கலாமா! பக்கத்துல இருக்கு பூம்புகார். சிலப்பதிகாரத்துல அந்த ஊர் தெருவ வரிசையா சொல்லிட்டு வர்ற இடத்துல, பட்டுலயும் மயிர்லயும் பருத்தி நூல்லயும் நுணுக்கமா வேலை செய்யறவங்க இருந்த இடம், துணி தைக்கிற துன்னகாரர்னு தனித்தனியாவே வருது. இன்னைக்கும் தஞ்சாவூர்ல தேருக்கும் கோயிலுக்கும் தொம்பை தைக்கறது யாருன்னு போய் பாருங்க, துணி மேல துணிய வெட்டி வச்சு யாளியும் அன்னமும் பூவுமா தைச்சு உருளையா தொங்க விடுவாங்களே அதுதான், அதுல உக்காந்து தைக்கிற ஆம்பளைங்க எத்தனையோ பேரு. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடின்னு பெருமையா சொல்றோம், அதுல மரத்தேர் கீழ ஒரு பங்குதான், அதுக்கு மேல வானத்த முட்டிக்கிட்டு நிக்கறது பூரா மூங்கிலும் துணியும். கருப்பூர் கலம்காரிக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதுவும் துணில கையால சாயம் தீட்டற வேலைதான், ஊசிக்கு பதிலா மூங்கில் குச்சி. இதெல்லாம் வீட்ல சிரிக்கறவங்ககிட்ட சொல்ல. உங்க அப்பாகிட்ட சொல்ல முடியலியேன்னுதான் எனக்கு வருத்தம்.

ஆரம்பிக்கறதுக்கு ஒரு ஆறு இன்ச் பிரேம், வெள்ள காட்டன் துணி, எம்பிராய்டரி நூல் மூணு கலர் போதும், கிட்டு கிட்டுன்னு கடைல தலைல கட்டுவாங்க, வேண்டாம். பிரேமோட உள்வளையத்துக்கு பழைய துணிய ரிப்பனா கிழிச்சு சுத்திடுங்க, துணி நழுவாது. நூல்கட்டுல ஆறு இழை இருக்கும், அத அப்படியே கோர்க்காதீங்க, விரல் நுனிலேந்து முழங்கை வரைக்கும் அளந்து வெட்டி, இழைய ஒண்ணு ஒண்ணா உருவி, ரெண்டே இழைய சேர்த்து கோர்த்துக்குங்க. ஒண்ணு ஒண்ணா உருவுனாத்தான் சிக்காது, ரெண்டா சேர்த்து இழுத்தா மீதி சுருண்டுக்கும். முதல்ல ஓட்டுத்தையல் (ரன்னிங் ஸ்டிச்), அப்பறம் காம்புத்தையல் (ஸ்டெம் ஸ்டிச்), அது கோணாம வந்த பிறகு சங்கிலித்தையல் (செயின் ஸ்டிச்). இந்த மூணுலயே ஒரு கொடி, இலை, பூ முடிச்சுடலாம். வேலை முடிஞ்சதும் பிரேம்லேந்து துணிய கழட்டி வைங்க, இல்லேன்னா வளையத்தோட தடம் போகவே போகாது. முதல்ல தைச்சத அக்காவுக்கு ஒரு கர்சீப்பா அனுப்புங்க.

கேள்வி: எங்கம்மா கிராஸ் ஸ்டிச்ல மயில் ஒண்ணு பாதி தைச்சு வச்சுட்டு போயிட்டாங்க. நான் முடிக்கலாம்னு பார்க்கறேன், ஆனா எங்க அம்மா தைச்சதும் நான் தைச்சதும் தனியா தெரியுது.
(வாசகி, திருவையாறு)

பதில்: முடிங்கம்மா. தனியா தெரியறதுக்கு காரணம் மூணு இருக்கும். முதல்ல துணிய திருப்பி, அம்மா எத்தன இழை எடுத்திருக்காங்கன்னு எண்ணுங்க, ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம் இருக்கற துணின்னா பொதுவா ரெண்டு இழை, சிலபேர் மூணு எடுப்பாங்க. ரெண்டாவது, பெருக்கல் குறில மேல வர்ற கோடு எந்த பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு பாருங்க, அம்மாவோடது வலது மேல்மூலைக்கு போகுதுன்னா உங்களுடையதும் எல்லா தையல்லயும் அங்கயே போகணும், மாத்தி போட்டா அதே நூல்லயும் கலர் வேற மாதிரி அடிக்கும், வெளிச்சம் படற விதம் அப்படி. மூணாவது நூல். பழைய நூல்கட்டுல சுத்தியிருக்கற பேப்பர்ல ஷேடு நம்பர் இருக்கும், அது தொலைஞ்சு போச்சுன்னா துணியையே கடைக்கு எடுத்துட்டு போயி வாசல்ல பகல் வெளிச்சத்துல வச்சு பாருங்க, கடைக்குள்ள எல்இடில பார்த்து வாங்குன கலர் வீட்டுக்கு வந்தா மாறிடும். ஒரே நம்பரா இருந்தாலும் அம்மா நூலு வருஷக்கணக்குல கொஞ்சம் வெளுத்திருக்கும், அதனால அம்மா விட்ட இடத்துக்கு ஒட்டினாப்புல ஆரம்பிக்காம மயிலோட அடுத்த இறகுலேந்து போட்டுட்டு வாங்க, கண்ணுக்கு தட்டாது.

கேள்வி: தையல் மிஷின் அரசாங்கத்துல இலவசமா கொடுக்கறதா சொல்றாங்க, எங்க கேக்கணும்?
(வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இருக்கற திட்டம். விதவைங்க, கணவரால கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிங்க, ஏழை பெண்களுக்கு. உங்க மாவட்ட சமூக நல அலுவலகத்துல விண்ணப்பிக்கணும், வருமான சான்றிதழ், தையல் தெரியும்ங்கற சான்று கேப்பாங்க. வயசு, வருமான வரம்பு இப்ப என்னன்னு அங்கயே கேட்டுக்குங்க. புரோக்கருக்கு பத்து பைசா கொடுக்காதீங்க.

கேள்வி: வயர் கூடை போட்டா அடி கோணிக்குது, நிக்க மாட்டேங்குது.
(வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: ஒரு முடிச்சு இறுக்கி ஒரு முடிச்சு தளர்த்தி போடறீங்க. அடிப்பாகம் முடியற வரைக்கும் டிவி போடாதீங்க, அடி முடிஞ்சதும் தரைல வச்சு நாலு மூலையும் ஒட்டுதான்னு பார்த்துட்டுத்தான் பக்கவாட்டுக்கு ஏறணும். சிவன் கண் மாதிரி டிசைன் முடிச்செல்லாம் அப்பறம், முதல் கூடை சாதா முடிச்சுல போடுங்க.

கேள்வி: துணி வெட்டற கத்தரிக்கோலால என் வீட்டுக்காரர் பால் பாக்கெட், பேப்பர், ஒயர்னு எல்லாத்தையும் வெட்டறார். சொன்னா கேக்கறதில்ல. கத்திரி போச்சு.
(வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: பேப்பரே போதும் துணி கத்திரிய மழுங்கடிக்க, ஒயர் வெட்டுனா பல்லே போயிடும். சாணை பிடிக்கறவர் தெருவுல வர்றப்ப கொடுங்க, துணி கத்திரின்னு சொல்லி கொடுங்க, இல்லேன்னா அருவாளுக்கு பிடிக்கற மாதிரி பிடிச்சுடுவார். வீட்டுக்காரருக்கு மட்டமான கத்திரி ஒண்ணு வாங்கி பால் பாக்கெட் வைக்கற இடத்துலயே ஆணில மாட்டி விடுங்க. உங்களுத அரிசி டின்னுக்கு பின்னாடி வைங்க, அங்க அவர் கை போகாது.